ஒரே துண்டில் வந்தவர்கள்

மிளகுமலைத் தோட்டம்,
ரத்தோட்டை.
23.01.1975

ஹமீமாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், கோபத்திலேயே படி.

செவ்வாய்க்கிழமை உன் வாப்பா வரவில்லை. வருகிறேன் என்று கடை வாசலில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்ன மனிதர். அப்பா கணக்கப்பிள்ளையிடம் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை பிரஜாவுரிமை விசாரணைக் கந்தோர் வாசலில் நின்றார். உட்கார வாங்கு இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் மொதலாளி வருவது தெரியாமல் போய்விடுமாம். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம், "அந்தா வந்துட்டாரு புள்ள" என்றார். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

விசாரணை ஐயா கேட்டது ஒரே கேள்வி. "இந்த நாட்டுப் பிரஜையாக, சொந்தக்காரன் அல்லாத ஒரு ஆள், நீ இங்கேதான் பிறந்தாய் என்று சத்தியம் பண்ணுவானா?" அப்பா 1923இல் இதே தோட்டத்து அஞ்சாம் லயத்து வீட்டில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பிறப்பு எழுதின தோட்டத்துப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. மாத்தளையில் எத்தனை பிரஜைகள் இருந்தாலும் அப்பாவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் உன் வாப்பா ரவூப் மாமா ஒருவர்தான். சுது கங்கையில் ஒன்றாகக் குளித்தவர்கள். அப்போது வாடா போடா. இப்போது உன் வாப்பா அப்பாவை "ரபாயேலு, நீ" என்கிறார். அப்பா அவரை "மொதலாளி, நீங்க" என்கிறார். அது எங்களுக்குப் பழகிப்போனது, அதை விடு.

கடைசித் தவணை மார்ச் 18. அன்றைக்கும் சாட்சி வராவிட்டால் அப்பா இந்தியாக்காரர். அப்பாவோடு அம்மாவும் நானும். அவ்வளவுதான், மூன்று பேரும் கப்பல் ஏற வேண்டியதுதான்.

நீயும் நானும் கொன்வென்ட்டில் ஒரே வாங்கில் இருந்தோம். எட்டாம் வகுப்பு வரை முதலாம் பிள்ளை யார் என்று உனக்குத் தெரியும். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி டீச்சர் வேலைக்கு மனுப் போட்டேன். பிரஜை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாகத் தொட்டில் ஆட்டுகிறேன். இரண்டு தரம் பெயிலான உன் கூடப்பிறந்த இத்ரூஸ் நானா கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளார்க். இதெல்லாம் உன் குற்றமா என்று கேட்பாய். உன் குற்றமில்லை. ஆனால் ஒரு வார்த்தை வந்து சொல்லிவிட்டுப் போக உங்கள் வீட்டில் ஒருவருக்கும் கால் இல்லையா?

மாமா வரும்வரை உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

மரிய கொறற்றி


கொங்காவெல,
மாத்தளை.
30.01.1975

கொறற்றி,

உன் கடிதத்தைத் தபால்காரன் வாசலில் வைத்துக் கூப்பிட்டுக் கொடுத்தான். உம்மா பறித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாசிக்கத் தெரியாததால் என்னிடமே திருப்பித் தந்தா. அதற்காவது உம்மாவின் படிப்பில்லாமை உதவியது.

பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வாப்பாவுக்கு அன்றைக்கு வேலை ஒன்றும் இல்லை. காலையில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். என் புருஷன் லாபிர் வந்து, "மாமா, கார் நிக்கிது" என்றார். வாப்பா எழும்பவில்லை. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கோட்டைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனார். ஏன் என்று கேட்க இந்த வீட்டில் எவருக்கும் வாய் இல்லை. எனக்கு நிச்சயமாக இல்லை.

அதில் நீ கோபப்பட்டது நியாயம். மற்றதெல்லாம் அநியாயம்.

நாங்கள் என்ன மாளிகையிலா இருக்கிறோம்? உனக்கு முதலாம் பிள்ளைக் கதை. நான் பெரிய பிள்ளையான அன்றோடு என் படிப்பு முடிந்தது. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து நீ கொப்பி கொண்டுவந்து தந்தாய், அதை மறக்கவில்லை. பதினேழில் கலியாணம், இருபத்தாறில் மூன்று பிள்ளை. நீ பஸ் ஏறித் தனியாக மாத்தளைக்கு வருகிறாய், உன் சம்பளத்தை உன் கையில் வாங்குகிறாய். நான் முன் தெருவுக்குப் போக வேண்டுமானால் ஒரு ஆண்பிள்ளை சும்மா இருக்கும் நேரம் பார்க்க வேண்டும்.

எங்கள் மிளகுத் தோட்டத்தில் காணிச் சட்டத்தில் பன்னிரண்டு ஏக்கர் போய்விட்டது. வாப்பா ஒரு சத்தம் போட்டாரா? சங்கக் கடைக்கு வருகிற ஆள் "தம்பியா" என்று, முஸ்லிம்களை இளக்காரமாகச் சொல்கிற சொல்லால், முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் இத்ரூஸ் நானா சிரித்துக்கொண்டே சாமான் நிறுக்கிறார். உங்களுக்கு யூனியன் இருக்கிறது. நீங்கள் கத்தினால் கொழும்பு வரைக்கும் கேட்கும். எங்களுக்கு எல்லாரையும் பார்த்துச் சிரித்தால்தான் கடை திறக்கலாம். இதுவும் ஒரு சீவியம் என்று நீ ஏன் நினைப்பதில்லை?

ரபாயேல் மாமாவை வெயிலில் நிற்க வைத்ததற்கு என்னை ஏசு, வாங்கிக்கொள்கிறேன். நாங்கள் கொழுத்தவர்கள் என்று மட்டும் எழுதாதே.

வாப்பாவிடம் கதைத்துப் பார்க்கிறேன்.

ஹமீமா


மிளகுமலைத் தோட்டம்,
09.02.1975

ஹமீமா,

கதைத்துப் பார்க்கிறாயா? பத்து நாள் ஆகிவிட்டது. கதைத்தாயா?

உன் கஷ்டத்தை எழுதியிருந்தாய். வாசித்தேன். இப்போது என்னுடையதை வாசி.

போன வருஷம் மாவும் இல்லை, அரிசியும் இல்லை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. எங்கள் லயத்திலேயே ஆறு பேரை அடக்கம் பண்ணினோம். பிள்ளைக்காம்பராவில் நான் தூக்கி வளர்த்ததில் இரண்டு அதிலே. டிஸ்பென்சர் ஒன்றுக்குப் பேதி என்று எழுதினார், இன்னொன்றுக்குக் காய்ச்சல் என்று எழுதினார். பசி என்று எழுத அவருக்கு உத்தரவில்லையாம். அந்த மாசத்தில்தான் அம்மா காதுத் தோட்டைக் கழற்றி உங்கள் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு கொத்து மா வாங்கி வந்தா. உன் வாப்பா திருப்பிக் கொடுக்கத்தான் பார்த்தாராம். அம்மாதான் சும்மா வாங்க மாட்டேன் என்று வைத்துவிட்டு வந்தாவாம். சரி, அவர் நல்லவர். நல்லவருக்கு ஏன் கந்தோர்ப் படி ஏற முடியவில்லை?

ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

அப்பாவின் றங்குப் பெட்டியில் ஒரு துண்டு, பழைய கடதாசி, இருக்கிறது. 1921, மண்டபம் கேம்பில் கப்பலேற்றும்போது எழுதிக் கொடுத்தது. கங்காணி கூட்டி வந்த ஆட்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஏழாவது பெயர் சவரிமுத்து, என் தாத்தா. எட்டாவது பெயர் கலந்தர், உன் வாப்பாவின் வாப்பா.

பட்டுத்துணி வியாபாரத்துக்குக் கப்பலேறி வந்தவர் என்றுதானே உங்கள் வீட்டில் கதை? என் தாத்தாவோடு அஞ்சாம் லயத்தில் ஒரே காம்பராவில் ஒரே சாக்கில் படுத்துக் கிடந்தவர் அவர். மூன்று வருஷம் கொக்கோ பறித்தார். ஒரு நாள் துரைக்குத் தெரியாமல் தோட்டத்தை விட்டு ஓடினார். வீடு வீடாகத் துணி சுமந்து விற்றார். ஊர் முஸ்லிம் வீட்டில் பெண் எடுத்தார். பிள்ளை, அதாவது உன் வாப்பா, பிறந்ததும் டவுனில் பதிவு பண்ணினார்கள், பெண் வீட்டுப் பேரில், இலங்கைச் சோனகர், இந்த நாட்டு முஸ்லிம் என்று. என் தாத்தா ஓடவில்லை. போட்ட இடத்திலேயே கிடந்தார். அதற்குத்தான் எங்களுக்கு இந்தத் தண்டனை.

இப்போது கேள். மார்ச் 18 உன் வாப்பா வர வேண்டும். வராவிட்டால் அந்தத் துண்டை நானே கொண்டுபோய் விசாரணை ஐயாவின் மேசையில் வைப்பேன். எட்டாவது பெயரையும் அவர் வாசிக்கட்டும். நாங்கள் கப்பலேறினால் நீங்களும் கூட வாருங்கள், துணையாக இருக்கும்.

கொறற்றி


கொங்காவெல,
19.02.1975

கொறற்றிக்கு,

படித்த புத்தியை இதற்கா வைத்திருந்தாய்? சீ!

உன் கடிதத்தை நான் ஒளித்திருக்கலாம். ஒளிக்கவில்லை. வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடிந்த பிறகு வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"துண்டைக் குடுத்துட்டாளா?"

தெரியாது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? கொடுப்பேன் என்று எழுதினாயா, கொடுத்துவிட்டாயா, பெட்டியில் வைத்துக்கொண்டு வெருட்டுகிறாயா, யார் கண்டது? அன்றிரவு வாப்பா சாப்பிடவில்லை. மறுநாள் கடைக்கும் போகவில்லை. நான் பிறந்து இன்றுவரை இந்தக் கடை வாப்பா இல்லாமல் திறந்ததில்லை.

இத்ரூஸ் நானாவுக்குச் சங்கக் கடை வேலை, அவருக்கு மூன்று பிள்ளை, எனக்கு மூன்று பிள்ளை. ஏழு பேர் சம்பளம் வாங்குகிற கடை. இத்தனைக்கும் மேலே உன் துண்டை ஆட்டிக் காட்டுகிறாய். உன் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைத் தூக்கின கைதானே அது?

இன்னொன்று சொல்கிறேன், கோபத்தில் உனக்குக் கண் தெரியவில்லை. அந்தத் துண்டில் ஏழாவது பெயர் உன் தாத்தா என்று நீயே எழுதியிருக்கிறாய். ஏழாவதை வாசித்துவிட்டுத்தானே எட்டாவதுக்கு வருவான்? எங்களை வெட்டப் போய் முதலில் உங்கள் கழுத்தையே வெட்டிக்கொள்ளாதே. உங்கள் அப்பா அதைப் பெரிய பட்டயம் மாதிரிப் பொத்தி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லு, அதை வெளியே எடுக்க வேண்டாம் என்று.

வாப்பா பதினெட்டாம் திகதி வருவார். போதுமா? துண்டு எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுது. எங்களுக்காக இல்லாவிட்டாலும், வாப்பா ஒரு வாய் சோறு தின்னட்டும் என்பதற்காக எழுது.

ஹமீமா


மிளகுமலைத் தோட்டம்,
21.03.1975

ஹமீமா,

முடிந்தது. சந்தோஷமா?

உன் வாப்பா என்ன சொன்னார் என்று வீட்டில் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் அங்கே நின்றேன், நான் சொல்கிறேன்.

சரியாக ஒன்பது மணிக்குக் கார் வந்தது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். உன் வாப்பா அவர் தோளில் கை போட்டுக்கொண்டு படி ஏறினார். எனக்கு அழுகை வந்தது. உன்னை ஏசினதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன், தேவமாதா மேல் ஆணை.

விசாரணை ஐயா கேட்டார்: "இந்த ஆளை எப்படித் தெரியும்?"

"சின்ன வயசிலேருந்து தெரியும்" என்றார் உன் வாப்பா. அங்கே நிறுத்தியிருக்கலாம். இந்தத் தோட்டத்தில் பிறந்தவன், நான் அறிவேன் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அதற்குத்தானே அவரைக் கூப்பிட்டது! அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடமாக்கின பிள்ளை மாதிரிச் சொன்னார்:

"நான் ஒண்டும் மறைக்கல்ல, ஐயா. இவன்ட வாப்பாவும் என்ட வாப்பாவும் இருபத்தோராம் ஆண்டு ஒரே கங்காணியோட இந்தியாவிலேருந்து வந்தவங்க."

ஐயா பேனாவை வைத்தார். "அதற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா?" என்றார்.

அப்பாவுக்கு என்ன புரிந்ததோ, தன்னைப் பற்றிப் பெருமையாக ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். என் பக்கம் திரும்பி, "குடு புள்ள, ஐயா பாக்கட்டும்" என்றார். நான் கொடுக்கவில்லை. அவரே என் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்ததை அவிழ்த்து, இரண்டு கையாலும் நீட்டினார். "அம்பத்தி நாலு வருசமா பத்திரமா வச்சிருக்கோம் சாமி. நாங்க நேத்து வந்தவங்க இல்ல."

ஆமாம், துண்டு என் பையில்தான் இருந்தது. உன் வாப்பா வராமல் போனால் மேசையில் வைப்பதற்கு, பத்திரங்களோடு இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லிக் கொண்டுபோயிருந்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

ஐயா சிவப்புப் பென்சிலால் ஏழாவது பெயருக்குக் கீழே கோடு போட்டார். அப்பன் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று எழுத்தில் இருந்தால் பிள்ளை இங்கே பிறந்தும் செல்லாதாம். எட்டாவது பெயரைத் தொட்டு, "இது யார்?" என்றார். உன் வாப்பா எழும்பி நின்று, "என்ட வாப்பா" என்றார். ஐயா அவருடைய அடையாள அட்டையையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தார். இலங்கைச் சோனகர். திருப்பிக் கொடுத்தார்.

"மொதலாளி, நீங்க சாட்சி. இது உங்க பைல் இல்லையே. உட்காருங்க" என்று பியூனைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

அப்பாவின் பைலில் எழுதினார்: இந்திய வம்சாவளி, மனு நிராகரிப்பு. கண்டியில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கவும்.

ஒரே தாள்! ஒரே கங்காணி! ஒருத்தன் மகனுக்குத் தேத்தண்ணி, ஒருத்தன் மகனுக்குக் கப்பல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா கேட்டதையே கேட்டுக்கொண்டு வந்தார், "நான் என்ன புள்ள தப்பா சொன்னேன்?" என்று. நீ வந்து சொல்லு.

கண்டியில் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தியாவில் உங்கள் உறவினர் பெயர், விலாசம். அப்பா இரண்டு நாளாக யோசிக்கிறார். அவருக்கு அங்கே ஒரு நாயைக்கூடத் தெரியாது.

உன் வாப்பா எதற்காக அப்படிச் சொன்னார்? அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாதே.

கொறற்றி


கொங்காவெல,
02.04.1975

கொறற்றி,

எதற்காகச் சொன்னார் என்றா கேட்கிறாய்? உனக்குப் பயந்து சொன்னார்.

நீ துண்டைக் கொடுத்துவிட்டாய் என்றே வாப்பா நினைத்திருந்தார். பைலுக்குள்ளே துண்டு இருக்கிறது, குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் பண்ணி மறைத்தால் பொய்ச் சாட்சி என்று மறியலில் போடுவார்கள், மகனுக்கு வேலை போகும், கடை போகும் என்று நினைத்தார். பத்து நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த வசனத்தைத்தான் பாடமாக்கினார். துண்டு எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கெஞ்சினேனே. எழுதினாயா?

ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் கொஞ்சம் துடிக்கட்டும் என்று விட்டாய்.

இன்னும் கேள். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நேற்று வாப்பாவின் மேசை லாச்சியைத் திறந்தேன். உள்ளே ஒரு கடதாசி இருந்தது, பெரக்கிராசி வக்கீல் தட்டெழுத்தில் அடித்து, முத்திரை ஒட்டி, வாப்பா கையெழுத்துப் போட்டது. ‘ரபாயேல் என்பவர் மிளகுமலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதை நான் சிறு வயது முதல் அறிவேன்.’ கங்காணியும் இல்லை, கப்பலும் இல்லை, அவ்வளவே. திகதி பெப்ரவரி ஏழு. உன் வெருட்டல் கடிதத்தில் ஒன்பது என்று போட்டிருக்கிறாய். இரண்டு நாள், கொறற்றி! ஜனவரியில் போகாத வெட்கத்தில் என்னிடம்கூடச் சொல்லாமல் எழுதி வைத்திருக்கிறார். அதைத்தான் பதினெட்டாம் திகதி கொண்டுபோக இருந்தார். நீ அவரை உண்மை சொல்ல வைத்துவிட்டாய்.

இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நீ நிம்மதியாகக் கப்பல் ஏறக் கூடாது. நானும் இங்கே நிம்மதியாக இருக்கப் போவதில்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று வாப்பாவை நச்சரித்துக் கேட்டிருந்தால் அந்தக் கடதாசியைப் பற்றி அன்றைக்கே உனக்கு எழுதியிருப்பேன். இந்த வீட்டில் வாயை மூடிப் பழகிவிட்டேன், என் வாயில் நெருப்பை வைக்க.

படிவத்துக்கு உறவினர் வேண்டும் என்று எழுதியிருந்தாய். உங்களுக்கு அங்கே ஒருவரும் இல்லை. எங்களுக்கு இருக்கிறார்கள். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் கடிதம் வரும், வாப்பா பதில் போடுவார். லாபிரிடம்கூடச் சொல்லாத சங்கதி. வாப்பாவின் சாச்சா மகன், நீங்கள் சொல்கிற சித்தப்பா மகன்:

ஜைனுதீன், கடைத்தெரு, தொண்டி, இராமநாதபுரம் மாவட்டம்.

வாப்பாதான் கொடுக்கச் சொன்னார். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹமீமா


மிளகுமலைத் தோட்டம்,
11.06.1975

ஹமீமா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். பெப்ரவரி ஏழு என்று நீ எழுதியிருக்க வேண்டாம். நீ பொல்லாதவள். நான் எழுதியிருப்பேனா என்றால், நானும் எழுதியிருப்பேன்.

அப்பாவிடம் அந்தக் கடதாசியைப் பற்றிச் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லப் போவதில்லை. அவருக்கு உன் வாப்பாமேல் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். "மொதலாளி கார் எடுத்துக்கிட்டு வந்தாரே" என்கிறார். அம்மா ஒருத்திதான் ஏசுகிறா. உன் வாப்பாவையும் ஏசுகிறா, அப்பாவையும் ஏசுகிறா. பாவம், என்னை ஏச வேண்டும் என்று அவவுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கண்டிக்குப் போனோம். படிவத்தை நான்தான் நிரப்பினேன். உறவினர்: ஜைனுதீன், தொண்டி. பக்கத்துக் கட்டத்தில் உறவுமுறை என்று இருந்தது. அப்பா, "மொதலாளியோட வாப்பாவும் எங்கப்பாவும் ஒண்ணா வந்தாங்கன்னு எழுது புள்ள" என்றார். நான் எழுதவில்லை. உண்மை சொல்லி என்ன கண்டோம்? சவரிமுத்து மகன் ரபாயேலுக்கு ஜைனுதீன் சித்தப்பா என்று எழுதினேன். உண்மையென்று சத்தியமும் பண்ணினேன்.

கிளார்க் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேதக்காரனுக்கு முஸ்லிம் எப்படியப்பா சித்தப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கேட்கவில்லை. முத்திரையைக் குத்தினார். இருந்து கொள்கிறோம் என்று கேட்டபோது பிறந்த சாட்சி, ஊர்ச் சாட்சி, அப்பன் சாட்சி எல்லாம் கேட்டார்கள். போகிறோம் என்றதும் என்ன பொய் எழுதினாலும் சரி என்கிறார்கள்.

ஆகஸ்டில் போகச் சொல்லியிருக்கிறார்கள். கப்பலுக்குப் போகிற ரயிலில் எங்களை ஏற்றிவிட ஸ்டேசனுக்கு வராதே. உன்னால் வர முடியாது என்று தெரியும், ஆனாலும் துணைக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாய் என்று பயமாக இருக்கிறது. வந்தால் நான் உன்னை ஏசுவேன், நீயும் என்னை ஏசுவாய், அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, ஹமீமா. என்மேல் உனக்கும் தீர்ந்திருக்காது. தீர வேண்டாம். அந்த ஊரில் என்னை முகம் பார்த்து ஏச ஒருவரும் இருக்க மாட்டார்கள், நான் கோபித்துக்கொள்ளவும் ஒருவரும் இருக்க மாட்டார்கள். தொண்டி விலாசத்துக்கே எழுது. நீ நன்றாக ஏசி எழுது, நான் பதில் போடுகிறேன்.

கொறற்றி